உழைச்செல்வார் உயர்ந்த வரலாறு

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, நோயாளியின் அருகிலிருந்து மருந்தளித்துப் பேணுபவனையும் ஒரு கூறாக எண்ணுகின்றார். அவனுக்கு அவர் வழங்கும் பெயர் ‘உழைச்செல்வான்’ என்பது. வகுப்பறையில் இக்குறளை நடத்தும் நாம், மருத்துவனைப் பற்றி விரிவாகப் பேசுகின்றோம். உழைச்செல்வானைச் சொற்பொருள் கூறியதோடு விட்டுவிடுகின்றோம். நம் நாட்டின் மருத்துவ வரலாற்றை எழுதினோரும் பெரும்பாலும் அவ்வாறே செய்துள்ளனர். மருத்துவமனைகளின் பெயர்களும் மருத்துவர்களின் பெயர்களும் ஏடுகளில் நிற்கின்றன. நள்ளிரவில் விளக்கேந்திச் சென்ற மருத்துவச்சியின் பெயரும், தோட்டத்து மருத்துவமனையில் ஊசி போட்ட உதவியாளரின் பெயரும் எங்கே?

ஏழைக்கும் செல்வனுக்கும், நகரத்தானுக்கும் காட்டோரத்தானுக்கும் மருத்துவம் ஒப்பக் கிடைக்க வேண்டுமாயின், உழைச்செல்வாருக்குக் கல்வியும் அதிகாரமும் துணையும் ஒருங்கே அளிக்கப்பட வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் பயன் குன்றும். மலாயாவின் வரலாறு இவ்வுண்மையை இரு வேறு சான்றுகளால் நமக்குக் காட்டுகின்றது. ஒன்று தோட்டத்துச் சான்று. மற்றொன்று கிராமத்துச் சான்று.

தோட்டத்து மருத்துவமனை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பயிர் பெருகியபோது, தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கினர். அழித்த காட்டின் நீரோடைகளில் கொசு பெருகிற்று. மலேரியாக் காய்ச்சல் லயம் லயமாகப் புகுந்தது. 1911ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் ஓராண்டிலேயே மாண்டனர். 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்கத் தொடங்கிய மருத்துவர் மால்கம் வாட்சன் போன்றோரின் முயற்சியால் இக்கொடுமை பின்னர் மெல்லத் தணிந்தது.

தொழிலாளர் மடிவது தோட்ட முதலாளிகளுக்கும் இழப்பே. சட்டமும் வற்புறுத்தியது. ஆகவே தோட்டங்களில் மருத்துவமனைகள் எழுந்தன. ஆயினும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மருத்துவரை அமர்த்த யாரும் முன்வரவில்லை. பல தோட்டங்களுக்குப் பொதுவான ஒரு மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ வந்து போனார். மற்ற நாள்களில் நோயாளிகளைப் பார்த்தவர், நம் மக்கள் ‘டிரெசர்’ என்று அழைத்த மருத்துவமனை உதவியாளர். இவர்களுள் இலங்கைத் தமிழரும் மலையாளிகளும் பலர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கென வந்தவர்கள் காலப்போக்கில் காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தனர், பாம்புக்கடி பார்த்தனர், பிள்ளைப்பேறும் பார்த்தனர். பெயரில் உதவியாளர், செயலில் மருத்துவர்.

இவர்களுடைய தொண்டைக் குறைத்துக் கூற எனக்கு மனம் வராது. ஆனால் அவர்கள் நின்ற இடம் வழுக்குப் பாறை. சம்பளம் கொடுத்தவர் தோட்ட முதலாளி. ஒருவன் நோயாளியா, வேலைக்கு அஞ்சி ஒளிபவனா என்று தீர்ப்புக் கூறும் பொறுப்பும் அவர்கள் தலையில் விழுந்தது. மருந்தளிக்கும் கையே ‘வேலைக்குப் போ’ என்று சுட்டும் கையாகவும் இருந்தால், நோயாளி அக்கையை எங்ஙனம் முழுதாக நம்புவான்? 1924ஆம் ஆண்டில் தோட்டங்களின் சுகாதார நிலையை ஆராய ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1926ஆம் ஆண்டில் சுகாதார வாரியத்துக்கான சட்டமும் வந்தது. தோட்டங்கள் பொருள் சேர்த்துப் பொதுவான மருத்துவ மேற்பார்வையை நடத்துவது அதன் நோக்கம். ஆனால் இரப்பர் விலை வீழ்ந்தது. செலவைச் சுமக்க முதலாளிகள் மறுத்தனர். சில ஆண்டுகளில் வாரியம் மறைந்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக உயிர்காக்கும் பொறுப்பைச் சுமந்தவர்களுக்குச் சட்டத்தின் அடையாளம் அவ்வளவு காலந்தாழ்த்தியே கிடைத்தது.

கிராமத்து மருத்துவச்சி

தோட்டத்தின் வேலிக்கு வெளியே வேறொரு முயற்சி அரும்பியது. 1950ஆம் ஆண்டை ஒட்டி மலாயாவில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தாய்மார் உயிரிழந்தனர். விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 75 குழந்தைகள் முதலாண்டு நிறைவைக் காணவில்லை. மருத்துவர்களோ மிகச் சிலர். கோலாலம்பூரில் மருத்துவப் புலம் தொடங்கியதே 1963ஆம் ஆண்டில்தான். மருத்துவர் பெருகும்வரை காத்திருப்பதாயின், அதற்குள் எத்தனை தாய்மாரை இழக்க நேரிடும்?

நாடு காத்திருக்கவில்லை. 1950ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியத்தின் உதவியோடு கெடா மாநிலத்து ஜித்ராவில் கிராம சுகாதாரப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. கிராமத்துப் பெண்களே தேர்ந்தெடுக்கப்பட்டு மருத்துவச்சிகளாகப் பயிற்றப்பட்டனர். ஏறத்தாழ 2,000 மக்களுக்கு ஒரு மருத்துவச்சி நிலையம். 10,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம். 50,000 பேருக்கு ஒரு தலைமை நிலையம் என மூன்றடுக்குத் திட்டம் வகுக்கப்பட்டது. மருத்துவச்சியின் வீடும் மருத்துவ நிலையமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் விளக்கு எரியும் என்பது இதன் பொருள்.

ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைப்பேறு பார்த்து வந்த மலாய் மூதாட்டியரை அரசு பகைத்துக் கொள்ளவில்லை. அவர்களையும் பதிவு செய்து, தூய்மை முறைகளைக் கற்பித்து, பயிற்சி பெற்ற மருத்துவச்சியோடு இணைந்து நிற்கச் செய்தது. சடங்கும் வேண்டுதலும் மூதாட்டியிடம்; பேறுகாலப் பொறுப்பு மருத்துவச்சியிடம். ஊராரின் நம்பிக்கையை உடைக்காமல் அறிவியல் உள்ளே நுழைந்த வழி இது.

1970ஆம் ஆண்டுகளில் அடுத்த படி ஏறப்பட்டது. மூன்றடுக்கு இரண்டடுக்காயிற்று. பிள்ளைப்பேறு மட்டும் பார்த்த மருத்துவச்சிகள் மேலும் பயிற்சி பெற்றுக் கிராமத் தாதியராக உயர்ந்தனர். தடுப்பூசி, குழந்தை வளர்ப்பு, குடும்ப நலம், எளிய நோய்களுக்கு மருந்து ஆகியவையும் அவர்கள் பணியில் சேர்ந்தன. மேலைநாட்டில், 1965ஆம் ஆண்டில் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் மருத்துவரும் தொடங்கிய பயிற்சியே மேம்பட்ட தாதிமைக்குத் தொடக்கமென எழுதுவர். அது உயர்கல்வி வழியே வந்தது. நம்முடையது கிராமத்து மண்பாதை வழியே வந்தது. ஆயினும் அருகிலிருப்பவரின் அறிவை உயர்த்தி அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தல் என்னும் எண்ணம் ஒன்றே. 1978ஆம் ஆண்டில் உலக நாடுகள் அல்மா அட்டா நகரில் கூடி அடிப்படைச் சுகாதாரம் அனைவருக்கும் உரியது என்று அறிவித்தபோது, நம் கிராமத் தாதியர் அப்பணியில் நெடுந்தொலைவு நடந்திருந்தனர்.

வேலியின் இருபுறமும்

இங்கே என் இளமை நினைவொன்றைக் கூறாமல் இருக்க இயலவில்லை. நான் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் லயத்துக்கு எதிர்வரிசையில் அக்காள் ஒருத்தி இருந்தாள். பால்மரம் வெட்டுபவள். தலைப்பிள்ளைக்காகக் காத்திருந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன. டிரெசர் ஐயா அதைப் பார்த்தார். அடுத்த வாரம் மருத்துவர் வரும்போது காட்டலாம் என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவே. மருத்துவர் வருமுன் வலிப்பு வந்துவிட்டது. இரவில் தோட்டத்து லாரியில் ஏற்றினர். பொழுது விடியுமுன் லாரி திரும்பி வந்தது. பெண்கள் எழுப்பிய ஓலத்தில் நான் விழித்தேன். மருத்துவமனைப் படிக்கட்டில் டிரெசர் ஐயா தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கின்றது.

எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு கட்டைத் தொலைவில் ஒரு கிராமத்து மருத்துவ நிலையம் இருந்தது. அங்கிருந்த தாதி வீடு வீடாகச் சென்று கருவுற்ற பெண்களின் இரத்த அழுத்தம் பார்ப்பார், சிறுநீர் சோதிப்பார். வீங்கிய பாதம் எதற்கு அறிகுறி என்பதை அவர் அறிவார். ஆனால் அவருடைய வட்டம் தோட்டத்து வாயிலோடு முடிந்தது. தோட்டம் தனியார் நிலம். அதன் மக்களைக் காப்பது முதலாளியின் கடமை என்பது அன்றைய ஏற்பாடு. அந்த அக்காளின் மரணத்துக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. டிரெசரிடம் அன்பு இருந்தது; கல்வி போதவில்லை. தாதியிடம் கல்வி இருந்தது. உள்ளே வரும் வழி இல்லை. இரண்டுக்கும் இடையில் ஓர் உயிர் போயிற்று.

வண்ணம் சொல்லும் பாடம்

கிராமத் தாதியரின் பணி வெற்றி பெற்றமைக்குக் காரணம், அவர்களிடம் வேலையைக் கொட்டிவிட்டு அரசு ஒதுங்காமையே. 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் வந்த வண்ணக் குறியீட்டு முறையை இதற்கு எடுத்துக்காட்டலாம். கருவுற்ற பெண்ணின் அட்டையில் வெள்ளை இருந்தால் தாதியே பார்த்துக்கொள்ளலாம். பச்சையானால் சுகாதார நிலையத்து மருத்துவரும் தாதியும் சேர்ந்து பார்ப்பர். மஞ்சளானால் இரண்டு நாள்களுக்குள் மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். சிவப்பானால் உடனே மருத்துவமனை. தன் எல்லை எது என்று தாதி அறிந்தாள். எல்லைக்கு அப்பால் தனக்குத் துணை உண்டு என்பதையும் அறிந்தாள். 1991ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு தாயின் மரணமும் மந்தணமாக ஆராயப்பட்டது. பழி சுமத்துவதற்காக அன்று, பாடம் கற்பதற்காக.

விளைவு என்ன? ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஐந்நூறைத் தாண்டியிருந்த தாய் மரணம், 1970ஆம் ஆண்டில் ஏறத்தாழ 140 ஆகக் குறைந்தது. 1990ஆம் ஆண்டுகளில் ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. சாலையும் பெண்கல்வியும் குருதிக் கொடையும் புது மருந்துகளும் இதில் பங்கு கொண்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பயன்கள் யாவற்றையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்த்தவள் தாதியே.

இன்றைய தேவை

தாதியருக்குக் கூடுதல் அதிகாரம் தருவது ஏழைக்கு இரண்டாந்தர மருத்துவம் தருவதாகாதா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை நாம் எள்ளி நகையாடலாகாது. தோட்டத்து வரலாறு அந்த அச்சத்துக்கு இடந்தருகின்றது. கல்வியும் மேற்பார்வையும் இன்றி, மலிவாக முடியும் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தால் அது இரண்டாந்தரமாகத்தான் முடியும். கிராமத்து வரலாறோ அந்த அச்சத்துக்கு விடையும் தருகின்றது. முறையான பயிற்சி, சட்டத்தின் ஏற்பு, மருத்துவரிடம் ஒப்படைக்கும் வழி, தகுதிக்கேற்ற ஊதியம் ஆகியவை சேர்ந்தால் தாதியின் கை முதல்தரமான கையாகும்.

நம் அண்டை நாடான சிங்கப்பூரில், மேம்பட்ட தாதியருக்கான முதுநிலைப் படிப்பு 2003ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2018ஆம் ஆண்டில், சிறப்புப் பயிற்சி பெற்ற தாதியர் மருத்துவரோடு இணைந்து மருந்து எழுதித் தருவதற்கான பயிற்சியும் அங்குத் தொடங்கிற்று. இது காலத்தின் தேவை. கொசுக் காய்ச்சல் போய் நீரிழிவு வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசிய ஆய்வு, பெரியவர்களுள் ஐவரில் ஒருவர்க்கு நீரிழிவு உண்டு என்றது. இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் மிகுதி. இந்நோய்க்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கும் வல்லுநரைவிட, மாதந்தோறும் பேசிப் புரியவைத்து மருந்தின் அளவைச் சரிபார்க்கும் ஒருவரே பெரிதும் வேண்டும். தோட்டங்களை விட்டு நகரத்து அடுக்குமாடிகளில் குடியேறிய நம் முதியோருக்கு, அவர்கள் மொழியில் பேசும் அத்தகைய உழைச்செல்வார் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! ‘மருந்து’ அதிகாரத்தை அடுத்த முறை நடத்தும்போது, அந்த நான்காம் கூறின்முன் சற்றே நின்று, டிரெசரையும் மருத்துவச்சியையும் பற்றி மாணவர்க்குக் கூறுங்கள். மாணவச் செல்வங்களே! மருத்துவராக வேண்டும் என்னும் கனவு நன்று. ஆனால் தாதியாவது அக்கனவில் தோற்றவர் செல்லும் வழி என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். என் எதிர்வரிசை அக்காள் உயிர்பிழைத்திருக்கத் தேவைப்பட்டது பெரிய மருத்துவமனை அன்று. வீங்கிய பாதத்தின் பொருளை அறிந்து, தோட்டத்து வாயிலைத் தாண்டி வரும் உரிமை பெற்ற ஒரு தாதி.