முகம் துணியன்று: மதுரை மண்ணில் முகங்கழுவுதலின் வரலாறு

'உளூ' எனும் அரபுச் சொல் 'வளாஅத்' எனும் மூலத்தோடு தொடர்புடையது. பொலிவு, தூய்மை, ஒளி என்பன அதன் பொருள்கள். தமிழ் முஸ்லிம்கள் அதனை 'ஒளு' என வழங்குகின்றனர். நாள்தோறும் ஐவேளைத் தொழுகைக்காக முகங்கழுவும் ஒரு சமுதாயம், முகத்தை எங்ஙனம் கழுவ வேண்டும் என்பதைச் சிறு வினாவாகக் கருத இயலாது.

இவ்வினாவை ஆராய நம்மைத் தூண்டியவர் நம் மாணவர் ஒருவர். முகப்பருவுக்கு அஞ்சியும், தூய்மை பற்றிய ஐயத்தாலும், ஒவ்வோர் ஒளுவின்போதும் சோப்பிட்டுப் பலமுறை தேய்த்து முகங்கழுவி வந்தார். கன்னங்கள் சிவந்து தோலுரிந்த நிலையில் தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். "ஐந்து வேளையும் வெறும் நீரால் கழுவுங்கள், சோப்பை விட்டுவிடுங்கள்" என்பதே அவர் முதலில் கூறியது. அந்த அறிவுரை நம் நூல்களுக்கும் நம் ஊருக்கும் புதியதன்று என்பதை அவருக்கு எடுத்துக்காட்டவே பழைய செய்திகளைத் தேடத் தொடங்கினோம்.

பாண்டிய நாட்டு வழக்கம்

அரபு வணிகர்கள் 'மஅபர்' என்றழைத்த பாண்டிய நாட்டுக் கரைக்கு 1292ஆம் ஆண்டளவில் மார்க்கோ போலோ வந்தார். இந்நாட்டு ஆடவரும் பெண்டிரும் நாள்தோறும் இருமுறை உடல் முழுவதையும் கழுவுவதையும், அங்ஙனம் செய்யாதாரைப் பிறர் இழிவாக எண்ணுவதையும் அவர் வியந்து பதிவு செய்துள்ளார். காஜி தாஜுத்தீன் அவர்கள் மதுரைக்கு வந்ததாகவும், காஜிமார் பெரிய பள்ளிவாசல் எழுந்ததாகவும் மரபு குறிப்பிடுவது இதே 13ஆம் நூற்றாண்டைத்தான். ஆகவே, தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசிய மார்க்கம், நீராடலை ஒழுக்கமாகவே கொண்டிருந்த மக்களிடையே வேரூன்றிற்று எனலாம்.

அம்மக்கள் எதனைக் கொண்டு கழுவினர்? மதுரைக்கு மேற்கேயுள்ள உசிலம்பட்டி, உசிலை மரத்தால் பெயர் பெற்ற ஊர் என்பர். அம்மரத்தின் இலையை உலர்த்தி இடித்த பொடியே அரப்பு. நுரை தரும் இயற்கைப் பொருள் அதில் உண்டு. எண்ணெய்க் குளியலன்று தலைக்கும் உடலுக்கும் அதனைத் தேய்த்தனர். முகத்திற்கோ பயற்றமாவு. பாசிப்பயற்றோடு கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ முதலியன சேர்த்து அரைத்ததே நலங்குமாவு. நம் திருமண வீடுகளிலும் 'நலங்கு' எனும் சொல் இன்றளவும் வழங்குகிறது. இம்மரபின் தொன்மைக்குச் சிலப்பதிகாரம் சான்று. புகார் நகரில் மாதவி தன் கூந்தலை நறுநீரில் ஆட்டும் இடத்தில் பத்து வகைத் துவர், ஐவகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியன பேசப்படுகின்றன.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அழுக்கை வன்மையாக நீக்கும் காரப்பொருளை நம் முன்னோர் அறியாதவரல்லர். சலவைத் தொழிலாளர் உவர்மண்ணில் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைத்தனர். ஆனால் உவர்மண் துணிக்கு, பயற்றமாவு முகத்திற்கு என்னும் எல்லையை வீடுகள் பேணின.

அரபு மருத்துவமும் ஃபிக்ஹும்

இதே அறிவை அரபு மருத்துவ நூல்களிலும் காண்கிறோம். இப்னு சீனா (மறைவு 1037) தம் 'அல்கானூன்' நூலின் நான்காம் பாகத்தில் அழகுபேணலுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளார். முகத்தைத் தூய்மை செய்யும் பொருள்களாக அவர் காட்டுவனவற்றுள் கொண்டைக்கடலை மாவும், அவரையினத்து மாவும், வாற்கோதுமை மாவும் உள்ளன. புகாராவும் மதுரையும் ஒன்றையொன்று கேட்டுக் கற்றன என்று நாம் கூற வரவில்லை. மாவு எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொண்டு நீரோடு நீங்கிவிடும் என்பதை இரு நிலத்தாரும் கைப்பழக்கத்தால் கண்டிருந்தனர்.

மார்க்கச் சட்டமோ இன்னும் நுட்பமானது. அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் முகத்தைக் கழுவப் பணிக்கிறது. மாலிகீ மத்ஹபு நீங்கலாக ஏனைய மூன்று மத்ஹபுகளிலும் தேய்த்தல் கடமையன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளுச் செய்தமை ஸஹீஹான நபிமொழிகளில் வந்துள்ளது. நடுத்தர மனிதரின் இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவே முத்து. ஷாஃபியீ கணக்கில் முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு, ஹனஃபீ கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். மும்முறைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறல் என்பதும் நபிமொழியே. நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் 'நூருல் ஈளாஹ்' நூலில் இமாம் ஷுருன்புலாலி (மறைவு 1659), முகத்தில் நீரை அறைந்தடிப்பதை மக்ரூஹ்களில் ஒன்றாகச் சேர்த்துள்ளார். ஷாஃபியீ நூல்களும் அதனைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஐயத்தால் மீண்டும் மீண்டும் கழுவுவோரைக் கண்டித்து இப்னு குதாமா (மறைவு 1223) தனி நூலே எழுதினார்.

எல்லை அழிந்த காலம்

எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சும் சவுக்காரத்தை அரபுலகம் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தது. 'ஸாபூன்' என்னும் சொல் இலத்தீன் மூலத்தது. ஹலபு, நாபுலுஸ் நகரங்களின் ஒலிவ எண்ணெய்ச் சவுக்காரக் கைத்திறன்களை யுனெஸ்கோ 2024இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலோ மீரட்டில் 1897இல் ஆலை எழுந்தது. பின்னர் மைசூர்ச் சந்தனச் சோப்பு வந்தது. 20ஆம் நூற்றாண்டு வளர வளர, துணிக்கும் முகத்திற்கும் ஒரே சோப்பு என்னும் நிலை பல வீடுகளில் உண்டாயிற்று. பழைய எல்லை அழிந்தது.

1928இல் ஷாடே, மார்கியோனினி என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர், தோலின் மேற்பரப்பு இயல்பாகவே மெல்லிய அமிலத்தன்மை உடையது என்றும், அது காப்புப் போர்வை என்றும் விளக்கினர். அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சாதாரணச் சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை. அடிக்கடி சோப்பிட்டால் அப்போர்வை குலையும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அந்நீரிலுள்ள சுண்ணச் சத்தோடு சோப்பு சேர்ந்து படலமாகித் தோலில் தங்கும், எரிச்சல் மிகும். வெதுவெதுப்பான நீர், விரல்நுனியின் மென்மை, அழுத்தித் துடைக்காமல் ஒற்றியெடுத்தல் என்பனவே இன்றைய தோல் மருத்துவர் கூறும் விதிகள். சோப்போ முகங்கழுவும் திரவமோ வேண்டுமாயின் காரமற்றதாக, நாளுக்கு இருமுறை போதும் என்பர்.

பழையன யாவும் மென்மையானவை என்று நாம் வாதிடவில்லை. கொரகொரப்பாக அரைத்த மாவு தோலைக் கீறும். மஞ்சளும் கிழங்குகளும் சிலருக்கு ஒவ்வா. மாவைத் துணியில் சலித்து, குழைத்துப் பூசி, தேய்க்காமல் கழுவிய பாட்டிமாரின் கைப்பக்குவமே நாம் மீட்க வேண்டியது.

இவற்றையெல்லாம் நம் மாணவரிடம் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தோம். மும்முறை என்னும் எல்லையை அவர் முன்பே மனனம் செய்திருந்தார்; அது தம் கன்னத்தையும் காக்க வந்த எல்லை என்பதை அன்றுதான் உணர்ந்ததாகக் கூறினார். சில வாரங்களில் சிவப்பு தணிந்தது. இன்று அவர் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து, இரு கைகளில் நீரை ஏந்தி, அமைதியாக முகத்தில் வழியவிடுவதைக் காண்கிறோம்.