களையெடுத்த மண்

சிரம்பானுக்குத் தெற்கே, லிங்கி ஆற்று வடிநிலத்தில் அமைந்தது ரந்தாவ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்துக் காடுகள் அழிக்கப்பட்டு, ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. மரநிழலில் ஒரு புல்லும் தலைகாட்டலாகாது என்பது அக்காலத் துரைமார் கொள்கை. துடைத்த தரையே நல்ல நிருவாகத்தின் அடையாளமாய்க் கருதப்பட்டது. கங்காணியின் கண்காணிப்பில் தமிழ்த் தொழிலாளர், அவருள்ளும் பெண்டிரும் சிறாரும், நிரைநிரையாய் நின்று களை கொத்தினர்.

லாலாங் புல்லைப் பற்றிய அச்சம் பொய்யன்று. அது இளமரத்தின் உரத்தை உண்ணும்; கோடையில் எளிதில் தீப்பற்றும். ஆயினும் அந்த ஒரு புல்லுக்கு அஞ்சி எல்லாப் பசுமையையும் அகற்றியதன் விலை பெரிது. சரிவு நிலங்களின் மேல்மண் மழையில் கரைந்து ஆறுகளைத் தூர்த்தது. அமேசான் காட்டில் பல்வகைச் செடிகொடிகளிடையே வளர்ந்த மரத்தை மொட்டைத் தரையில் நிறுத்தினர் என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் மண்ணியல் அறிஞர் ஹெயின்ஸ், இயற்கைக் கீழ்ச்செடிகளைப் பேணிப் பயன்கொள்ளும் முறையை 1934-இல் நூலாகவே வெளியிட்டார். சென்ட்ரோசிமா, பூரேரியா முதலிய அவரையினக் கொடிகள் மூடுபயிராய்ப் பரவின. அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரசனை மண்ணுக்கு ஈந்தன. இலைப்போர்வை மழையடியைத் தாங்கியது. கொழுஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழுத குடியினர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஆனால் களைக்கொட்டு ஏந்தியவரிடம் கருத்துக் கேட்பது தோட்டத்து வழக்கமில்லை.

1960-களில் செம்பனை விரைந்து பரவியது. பழைய பிழை வேறு வடிவில் திரும்பியது. டிடிடி போன்ற மருந்துகள் தெளித்த தோட்டங்களிலேயே ஓலை தின்னும் பைப்புழுக்கள் பெருகின. புழுவைவிட அதன் பகைப்பூச்சிகளே மிகுதியாய் மடிந்தன என்று பூச்சியியல் அறிஞர் பிரையன் உட் விளக்கினார். 1968-இல் வெளிவந்த அவரது நூலுக்குப் பின், பகைப்பூச்சிகளைக் காக்கும் முறை வலுப்பெற்றது. எலிகளை ஒடுக்கக் கூகைகளுக்குக் கூண்டுகளும் அமைக்கப்பட்டன.

விளைச்சலும் உயிரினமும் ஓரளவு இணங்கின. எனினும் அழிந்த காட்டுக்கு அவை ஈடாகவில்லை. களைக்கொட்டின் இடத்தைப் பாரகுவாட் நஞ்சு பிடித்திருந்தது. அதை முதுகில் சுமந்து தெளித்தோருள் தமிழ்ப் பெண்கள் பலர். மலேசிய அரசு 2002-இல் அதற்கு விதித்த தடை 2006-இல் தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020-இல்.