எம்.ஐ.ஏ. – மாதங்கி அருள்பிரகாசம்

எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயரால் உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1975 ஜூலை 18 அன்று இலண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தார். வீட்டில் அழைக்கும் பெயர் மாயா. பாடகர், பாடலாசிரியர், இசைத் தயாரிப்பாளர், ஓவியர், தம் பாடல்களின் காணொளிகள் சிலவற்றைத் தாமே இயக்கியவர். பெற்றோர் யாழ்ப்பாணத் தமிழர். பாடுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆயினும் உறுமியின் ஓசையை மேற்கத்திய நடன அரங்குகளில் இவரைப்போல் ஒலிக்கவைத்த வேறொருவர் இல்லை. புலம்பெயர் தமிழர் வாழ்வு உலக வெகுசன இசையில் இவ்வளவு உரத்து ஒலித்ததும் இவர் பாட்டில்தான்.

பிறந்த ஆறு மாதத்தில் குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தை அருள்பிரகாசம் பொறியாளர். 1975இல் இலண்டனில் உருவான ஈரோஸ் என்ற ஈழத் தமிழ்ப் போராளி இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். அருளர் என்பது அவரது இயக்கப் பெயர். இயக்கப் பணியால் அவர் வீட்டில் தங்கியதே குறைவு. வந்த நாள்களிலும் பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் மாமா என்றே அறிமுகம் செய்யப்பட்டார். தாய் கலா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். இடையில் சிலகாலம் சென்னையில் பாழடைந்த வீடொன்றில் வறுமையில் கழிந்தது. மீண்டும் யாழ்ப்பாணம், அங்கே போரின் குண்டுவீச்சு. 1986இல், மாயாவுக்குப் பதினொரு வயது நிறைவதற்குச் சற்று முன், தாயும் பிள்ளைகளும் அகதிகளாக இலண்டன் போய்ச் சேர்ந்தனர். தான் பிறந்த ஊருக்கே அகதியாக வந்து இறங்கிய சிறுமி அவர். அவரது பிற்காலப் பாடல்களில் குடியுரிமைத் தாளும் விசாவும் திரும்பத் திரும்ப வருவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கரையோர வாசகருக்கு இந்தக் கதையின் பின்புலம் புதிதல்ல. பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்துக்கொண்டது 1974இல். அடுத்த உடன்பாடு 1976இல். இரண்டுக்கும் நடுவே பிறந்தவர் மாயா. இலங்கையில் தமிழர்மீது நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் அந்த எல்லையைப் படகில் கடந்து இராமேசுவரம் கரையில் இறங்கினர். மண்டபம் முகாமுக்குப் பிறகு பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, அழியாநிலை, லேனாவிளக்கு முகாம்கள் அப்படி எழுந்தவை. அதே மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் விசைப்படகில் கிளம்பும் மீனவர், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைத் தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்படுவது இன்றும் நடக்கிறது. எம்.ஐ.ஏ.வின் பாடல்கள் பேசும் எல்லை இந்தக் கரையில் அன்றாடப் பிழைப்பைத் தீர்மானிப்பது.

இலண்டனில் குடும்பத்துக்குக் கிடைத்தது தெற்குப் பகுதியான மிட்சமில் ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பு. இனவெறித் தொல்லை மிகுந்த இடம். ஆங்கிலம் அங்கேதான் பழகியது. வீட்டு வானொலி திருடுபோன பிறகு பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி வந்த ஹிப்-ஹாப் இசையைக் கேட்கத் தொடங்கினார். சொல் முழுதும் புரியாத வயதில் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். அரசு வழங்கும் பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலை தாய்க்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொழில் நீடித்தது. 2019இல் மகளுக்கு எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது. பேரரசின் பெயர் தாங்கிய அந்த விருதைத் தாயின் உழைப்பை மதித்தே ஏற்பதாகச் சொன்ன அவர், அதை 2020 ஜனவரியில் பக்கிங்காம் அரண்மனையில் பெற்றுக்கொண்டார்.

சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படக் கலை படித்து 2000இல் பட்டம் பெற்றார். அச்சுத் தகட்டில் வண்ணம் தெளித்து வரைந்த ஓவியங்களில் புலி, பீரங்கி, பனைமரம் எல்லாம் பளிச்சென்ற நிறங்களில் வந்தன. எலாஸ்டிகா இசைக்குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் தம் குழுவின் இசைத்தட்டு அட்டைக்கு அவரை வரையச் சொன்னார். பயணத்தைப் படம்பிடிக்கவும் அழைத்தார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற கனடியக் கலைஞர் ரோலண்ட் எம்சி-505 என்ற தாளக்கருவியை அறிமுகப்படுத்தினார். இசைப் பள்ளிக்குப் போகாதவர், சுரம் எழுதத் தெரியாதவர், ஒரு பெட்டியின் பொத்தான்களை அழுத்தியே பாட்டுக் கட்டக் கற்றுக்கொண்டார். அப்படி உருவான ‘கலாங்’ 2003இல் ஐந்நூறு தட்டுகளாக வெளிவந்து, இரவு விடுதிகளிலும் இணையத்திலும் பரவி, எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்தது.

முதல் இசைத்தொகுப்பு 2005இல் வந்தது. பெயர் ‘அருளர்’. தொலைவில் இருந்த தந்தை தம் பெயரை இணையத்தில் தேடினால் மகளைக் கண்டடையட்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. யமைக்கத் தெருத்தாளமும் பிரேசில் சேரிகளின் ஃபங்க் இசையும் குழந்தைப் பாட்டின் துள்ளலும் போர்க்காலச் சொற்களும் கலந்த இசை. பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கூடவே, வன்முறையைப் போற்றுகிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. விடுதலைப் புலிகளை ஆதரிப்பதாகச் சொல்லப்பட்டதை அவர் மறுத்தார். அந்தச் சொற்களைக் குழந்தையாகக் கேட்டு வளர்ந்தவர் அவற்றைப் பாட்டில் வைப்பதை ஆதரவுப் பிரசாரமாக மட்டும் படிப்பது அவசரமான வாசிப்பு.

2006இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. டிம்பலாண்ட் என்ற புகழ்பெற்ற தயாரிப்பாளருடன் அங்கே இரண்டாவது தொகுப்பை முடிப்பதாக இருந்த திட்டம் சிதறியது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தியா, டிரினிடாட், யமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று கிளம்பினார். 2007 ஆகஸ்டில் வெளிவந்த ‘கலா’ தாயின் பெயர் தாங்கியது. அவருடைய படைப்புகளில் சிறந்ததும் இதுவே. அந்த ஆண்டின் முதன்மைத் தொகுப்பு என்று ரோலிங் ஸ்டோன் இதழ் இதைத் தேர்ந்தெடுத்தது.

‘கலா’வின் அடித்தளம் கோடம்பாக்கத்தில் போடப்பட்டது. ஏ.ஆர். ரகுமான் தம் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்தத் தந்து, கலைஞர்களின் தொடர்பும் கொடுத்தார். இலண்டன் தயாரிப்பாளர் ஸ்விட்ச் வந்து சேர்ந்தார். தமிழ்நாட்டு உறுமிக் கலைஞர் குழு அங்கே வாசித்தது. உறுமி இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் இழுத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. குலதெய்வக் கோயில் கொடையிலும் தேவராட்டத்திலும் சாமியாடியை எழுப்பும் அதே ஓசை ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாடல்களில் முன்னால் நிற்கிறது. மேற்கத்தியத் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஆசியக் கருவியை ஊறுகாய்போல் ஓரத்தில் தொட்டுக்கொள்வார்கள். இவர் அதையே சோறாகப் பரிமாறினார். மின்னணுத் தாளம் உறுமிக்குப் பின்பாட்டுப் பாடுகிறது.

பழைய பதிவிலிருந்து ஒலித்துண்டை வெட்டிப் புதுப்பாட்டில் ஒட்டும் சாம்பிளிங் முறையிலும் அவர் தமிழ்த் திரையிசையை நோக்கியே திரும்பினார். தொகுப்பின் முதல் பாடலான ‘பாம்பூ பாங்கா’வுக்குள் ‘தளபதி’ படத்துக்காக இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ இருக்கிறது. ‘பேர்ட் ஃப்ளூ’வுக்குள் ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டு. ‘ஜிம்மி’ என்பதோ 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப் படத்துக்குப் பப்பி லஹிரி இசையமைத்த பாட்டின் மறுவடிவம். சிறுவயதில் விருந்துகளில் மாயா ஆடிய பாட்டு. தமிழ்ப் பொங்கல் பந்தலின் ஒலிபெருக்கியில் என்ன கலவை கேட்குமோ அதுதான் இங்கும் கேட்கிறது, ஆப்பிரிக்கத் தாளமும் கூடச் சேர்ந்து.

அதே தொகுப்பின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ அவரை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது. தி கிளாஷ் குழு 1982இல் வெளியிட்ட, குடியேறிகளின் துயரத்தைப் பேசிய ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டின் மெட்டுத்துண்டின் மேல் தயாரிப்பாளர் டிப்லோவுடன் சேர்ந்து கட்டிய பாட்டு. போலி விசா செய்பவளின் குரலில் ஒலிக்கிறது. குடியேறி வருபவன் நம் காசைப் பிடுங்கவே வருகிறான் என்ற பொதுப்புத்தியின் அச்சத்தை எடுத்து அப்படியே பாடிக் காட்டுகிறது. பல்லவியில் சொற்களுக்குப் பதில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அந்தத் துப்பாக்கி ஓசையை மாற்றி ஒளிபரப்பின. விசா மறுத்த நாட்டிலேயே 2008இல் பில்போர்டு பட்டியலின் நான்காம் இடத்தை அது எட்டியது. ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி பரிந்துரையும் பெற்றது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் இடம்பெற்றது. அதே படத்துக்காக ரகுமானுடன் எழுதிய ‘ஓ... சாயா’ 2009இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. விருது ரகுமானின் ‘ஜெய் ஹோ’வுக்குப் போனது. அந்த பிப்ரவரி 8 அன்று நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் ஜே-சி, கான்யே வெஸ்ட் முதலியோருடன் பாடினார். சில நாளில் குழந்தை பிறந்தது.

இலங்கையின் வன்னியில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே இறுதிப் போர் நடந்த மாதங்கள் அவை. கிடைத்த தொலைக்காட்சி மேடையெல்லாம் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்படுவதைச் சொன்னார். இலங்கை அரசு தரப்பு கடுமையாக மறுத்தது. புகழின் உச்சியில் இருந்தபோதே அந்தப் போரைப் பற்றி அமெரிக்கத் திரையில் பேசினார் என்பதை அவர்மேல் குறை சொல்வோரும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்த தொகுப்பான ‘மாயா’ 2010இல் வந்தது; இரைச்சல் மிகுந்தது, கேட்கச் சிரமமானது. அதன் ‘பார்ன் ஃப்ரீ’ பாட்டுக்கு ரோமன் காவ்ராஸ் இயக்கிய காணொளியில் செம்பட்டைத் தலைமுடி கொண்ட இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்படுகின்றனர். இலங்கையில் தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை மனத்தில் வைத்து எடுத்த அந்தப் படம் யூடியூபில் முடக்கப்பட்டது. 2012இல் சூப்பர் பவுல் இறுதிப்போட்டி மேடையில் மடோனாவுடன் பாடியபோது நடுவிரலைக் காட்டியதற்காக அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் ஒரு கோடி டாலருக்கு மேல் கோரி நடுவர் மன்றத்தை நாடியது, 2014இல் சமரசமானது. செய்தித்தாள்கள் அந்த விரலுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட மொராக்கோவில் படமாகி 2012இல் வெளிவந்த ‘பேட் கேர்ள்ஸ்’ பாட்டின் நேர்த்திக்குக் கொடுக்கவில்லை.

பத்து மகாவித்தைகளுள் ஒருத்தியும் இசைக்குரியவளுமான தெய்வத்தின் பெயரில் ‘மாதங்கி’ 2013இல் வெளியானது. அவருடைய சொந்தப் பெயரும் அதுவே. 2015 நவம்பரில் வந்த ‘பார்டர்ஸ்’ காணொளியைத் தாமே இயக்கினார்: முள்வேலியில் தொற்றியேறும் ஆண்கள், நெரிசலான படகுகள், நடுவே அசையாமல் நின்று பாடும் மாயா. சிரியா அகதிகள் ஐரோப்பியக் கரைகளில் ஒதுங்கிய ஆண்டு அது. அந்தப் பாட்டோடு ‘எய்ம்’ தொகுப்பு 2016இல் வந்தது. கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ், மாயா இளமையிலிருந்து எடுத்துச் சேர்த்த காட்சிகளைக் கொண்டு உருவாக்கிய ஆவணப்படம் 2018இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்றது. யாழ்ப்பாணத்துப் பாட்டி வீட்டில் மாயா பிடித்த காட்சிகளும் அதில் உண்டு.

டிராவிஸ் ஸ்காட், யங் தக் ஆகியோருடன் பாடிய ‘ஃபிராஞ்சைஸ்’ 2020 அக்டோபரில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவருக்கு அதுவே முதல் முறை. ஆறாவது தொகுப்பான ‘மாதா’ 2022 அக்டோபரில் வெளியானது. அந்த ஆண்டில் தாம் கிறித்தவ நம்பிக்கைக்கு வந்ததையும் வெளிப்படையாகச் சொன்னார்.