கலிபோர்னிய மாநிலமும் நிலத்தடி விதிகளும்

சட்டமன்றம் இயற்றும் சட்டங்களை நடைமுறைப்படுத்த, அரசுத் துறைகள் பல நுணுக்க விதிகளை வகுக்கின்றன. மக்களைக் கட்டுப்படுத்தும் இவ்விதிகள் எங்கே, எவ்வாறு வெளியிடப்பெற்றன என்பது வரலாற்றாய்வில் போதிய கவனம் பெறாத வினாவாகும். அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தை முன்வைத்து இதனை ஈண்டு நோக்குவோம்.

அம்மாநிலத்தில் துறைவிதிகளின் தொகுப்பு 1945இல் வெளிவரத் தொடங்கியது. விதி வகுக்குமுன் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம் 1947இல் ஏற்பட்டது. எனினும் துறைகள் சில, கையேடுகளையும் சுற்றறிக்கைகளையும் கொண்டே விதி செய்துவந்தன. 1978இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்று இதற்குத் தக்க சான்று. பணிவிலகல் கடிதம் கொடுத்த அரசு ஊழியர் ஒருவர், விலகும் நாளுக்கு முன்பே அதனைத் திரும்பப் பெற முயன்றார், மறுக்கப்பட்டார். மறுப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டதோ பணியாளர் வாரியக் கையேட்டின் ஒரு பகுதி! முறைப்படி அறிவிக்கப்பெறாத அப்பகுதி விதியாகாது என நீதிமன்றம் கூறியது. இத்தகையவற்றையே அங்கு ‘நிலத்தடி விதிகள்’ என்பர்.

1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான நிர்வாகச் சட்ட அலுவலகம் 1980 ஜூலையில் பணி தொடங்கியது. துறையின் அறிவிக்கையை வார இதழில் வெளியிடுவதும், மக்கள் கருத்துரைக்க 45 நாள் கழிந்து துறை இறுதி செய்யும் விதியை 30 வேலைநாளுக்குள் ஆராய்வதும் அதன் பணிகள். தேவை, அதிகாரம், தெளிவு, முரணின்மை, சட்டச் சுட்டு, மிகையின்மை ஆகிய ஆறும் அளவுகோல்கள். இவற்றுள் தெளிவு என்பது மொழியாசிரியராகிய நம்மை ஈர்ப்பது. விதியால் நேரடியாகப் பாதிக்கப்படுவோர் அதன் பொருளை எளிதில் உணர வேண்டும். இன்றேல் விதி திருப்பியனுப்பப்படலாம். விதியின் கொள்கை நன்றா தீதா என்னும் ஆய்வு இவ்வலுவலகத்துக்கு உரியதன்று.

இதனால் நிலத்தடி விதிகள் ஒழிந்தன எனக் கருதுதல் பொருந்தாது. கடலோரப் பணியாளரின் மிகைநேர ஊதியம் பற்றிய துறைக் கையேட்டுக் கொள்கை ஒன்றினை 1996இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆயினும் அடிப்படை ஊதிய ஆணைக்கு நீதிமன்றமே பொருள்கண்டு, அவ்வாணை அவர்களுக்கும் பொருந்தக்கூடும் என முடிவு செய்தது. கையேடு வீழ்ந்தது, பணியாளரின் உரிமை வீழவில்லை.