சென்னையில் குடிசை மாற்றம்

சென்னையின் குடிசைப் பகுதிகளை மாற்றியமைக்கும் பணியில் அரசு, குடிசை மாற்று வாரியம், கடன் கொடுத்த உலக வங்கி, நீதிமன்றம், உரிமை அமைப்புகள், குடியிருப்போர் எனப் பல தரப்பினருக்குப் பங்குண்டு. இவர்களில் குடியிருப்போரின் குரல், அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்ட காலத்தில் மட்டுமே எடுபட்டது. மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. மறு ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. குடிசைகள் நின்ற இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. குடிசைவாசிகள் வாக்காளர்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. 1977-இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய திட்டம் வேறு வழியில் போனது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறு மனையும் அடிப்படை வசதிகளும் தரப்பட்டன. மிச்ச வீட்டை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். போட்ட பணத்தைத் தவணையில் திரும்ப வசூலிப்பதே வங்கியின் கணக்கு. இருந்தும், கட்டுபவர் குடியிருப்பவரே என்றானதால் அப்பகுதிகள் நிலைத்தன. இன்று அங்கே மாடி வீடுகளும் கடைகளும் நிறைந்திருக்கின்றன.

நில மதிப்பு ஏறியதும் அதிகாரிகளின் பார்வை மாறியது. 2000-இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென்கோடியில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டு, கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். ஆற்றங்கரையில் வெள்ள அபாயம் இருக்கிறதே, அங்கே எப்படி விட்டுவைப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். பெருமழையில் அங்கும் தெருவில் தண்ணீர் நிற்கிறது. கான்கிரீட் வீடு கிடைத்ததே என்பது அடுத்த வாதம். மயிலாப்பூரில் காலையில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு இருபது கிலோமீட்டர் பஸ் பயணம் என்றால் வேலையே போய்விடும். ஆண்டுப் பரீட்சைக்கு முன் வீட்டை இடித்தால் பிள்ளையின் படிப்பும் கெடும். இடிப்பதற்கு முன் குடியிருப்போரைக் கணக்கெடுத்து, கைரேகை வாங்கி, டோக்கன் கொடுப்பதைக் கருத்துக் கேட்பு என்று சொல்ல முடியாது. 2021-இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் மாறினாலும், குடிசைப் பகுதிகளை அறிவித்து, அங்கேயே மேம்படுத்த வழிசெய்யும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.