சிலி: காமிரா யார் கையில்

'சர்வாதிகாரம் போயிடுச்சு, ஜனநாயகம் வந்துடுச்சு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். சிலியைப் பற்றி இப்படிச் சொல்லக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். 1973 செப்டம்பர் 11இல் அயெந்தேயின் அரசைக் கவிழ்த்த பினோசே, 1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பில் தோற்றான். சுமார் 56 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றார்கள். 1990இல் அதிபர் நாற்காலியை விட்டு இறங்கினான். ராணுவத் தளபதி நாற்காலியை விடவில்லை. 1998 வரை அவன்தான் தளபதி. அப்புறம் ஆயுட்கால செனட்டர். இதுக்குப் பேர் மாற்றமாம்.

அந்த வாக்கெடுப்பைப் பற்றிய படம் பாப்லோ லர்ராயின் எடுத்த 'நோ' (2012). பழைய வீடியோ காமிராவில் எடுத்ததால், ஆவணக் காட்சி எது, நடிப்பு எது என்று பிரித்தறிய முடியாது. தினமும் இரவில் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த 15 நிமிடத்தில், விளம்பரக்காரன் ஒருவன் வானவில்லையும் சிரிப்பையும் காட்டி ஜெயிக்கிறான். சரி, ஜெயிச்சது அவன் மட்டும்தானா? வாக்காளர் பட்டியலையே ராணுவம் அழித்துவிட்ட நாட்டில், 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் புதிதாகப் பதிய வைத்தார்களே, அந்த ஆட்கள் எங்கே? 1983இலிருந்து சேரிகளில் தெருவுக்கு வந்து குண்டடிபட்ட சனங்கள் எங்கே? இயக்குநரின் அப்பா வலதுசாரிக் கட்சி செனட்டராக இருந்தவர் என்பதை வைத்துப் படத்தைத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஜெயித்த பிறகு அந்த விளம்பரக்காரன் பழைய முதலாளியோடு டிவி தொடருக்கு விளம்பரம் பண்ணப் போகிறானே, அந்த முடிவில் நேர்மை இருக்கிறது. ஆனாலும் சனங்களின் வேலையை ஒரு தனிமனிதனின் சாமர்த்தியமாக்கும் கதையாடல் அது.

பத்ரீசியோ குஸ்மான் வேறு மாதிரி. அயெந்தேயின் கடைசி மாதங்களில் தொழிலாளர்களோடும் ஊர்வலங்களோடும் நின்று எடுத்தது 'சிலியின் போர்'. ஒளிப்பதிவு செய்த ஹோர்ஹெ முல்லரை 1974 நவம்பரில் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை அவர் காணாமல் போனவர்தான். படச்சுருள்கள் ஸ்வீடன் தூதரக உதவியால் கப்பலேறித் தப்பின. கியூபாவில் படத்தொகுப்பு நடந்தது. 1997இல் வெளியான 'சிலி, பிடிவாதமான நினைவு' படத்தில் குஸ்மான் ஊர் திரும்பி இளைஞர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுகிறார். ராணுவம் செய்தது சரிதான் என்று வாதாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். படம் முடிந்ததும் தேம்பி அழுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரும் இதைப் பேசியதில்லை போலும்.

என்னை ரொம்பவும் உலுக்கியது 'முத்துப் பொத்தான்' (2015). கொல்லப்பட்டவர்களைத் தண்டவாளத் துண்டோடு கட்டிக் கடலில் வீசியது ராணுவம். வெகுகாலம் கழித்து மேலே எடுத்த ஒரு துண்டில் சட்டைப் பொத்தான் ஒன்று ஒட்டியிருந்தது. குஸ்மான் அதன் பக்கத்தில் இன்னொரு பொத்தானை வைக்கிறார். 1830இல் ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் தெற்குக் கோடியின் பழங்குடிச் சிறுவன் ஒருவனை ஒரு பொத்தானைக் கொடுத்துக் கொண்டுபோனார்கள். ஜெமி பட்டன் என்று பேரும் அவர்களே வைத்தார்கள். அந்தச் சனங்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சம் பேர். 'கடவுள்', 'போலீஸ்' என்ற இரண்டுக்கும் தங்கள் மொழியில் வார்த்தையே கிடையாது என்று அவர்களில் ஒரு மூதாட்டி காமிராவுக்கு முன்னால் சொல்கிறார்.