விரியும் பட்டியல்: அதன் தோற்றமும் வளர்ச்சியும்

கைப்பேசித் திரையில் ஒரு பட்டியலைக் காண்கிறோம். தலைப்பைத் தொட்டால் அதன்கீழ் உள்ள செய்தி விரிகிறது. மீண்டும் தொட்டால் மடங்கிக்கொள்கிறது. விரலால் தள்ளினால் பட்டியல் மேலும் கீழும் ஓடுகிறது. இவ்விரு செயல்களையும் இன்று சிறு பிள்ளைகளும் அறிவர். ஆயினும், விரித்தலும் உருட்டுதலும் வெவ்வேறு தேவைக்காகத் தனித்தனியே வளர்ந்தவை என்பதையும், இரண்டும் கைப்பேசியில் கூடியபொழுது பெரும் குழப்பம் விளைந்தது என்பதையும் அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இஃது ஆசிரியர்க்கு வேண்டாத ஆராய்ச்சி என்று எண்ண வேண்டா. வருகைப் பதிவும் மாணவர் குறிப்பும் திரைக்கு வந்துவிட்ட காலம் இது. ஒரு மாணவன் பெயரைத் தொட்டுவிட்டுப் பட்டியலைத் தள்ளினால், தொடாத வேறொரு மாணவன் பெயரின்கீழும் குறிப்பு விரிந்து நிற்கும் விந்தையை ஆசிரியர் சிலரேனும் கண்டிருப்பர். அவ்வாறு விரிந்தது முன்னவனுடைய குறிப்பாகவே இருந்துவிட்டால்? எந்தப் பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது என்று பார்க்கும் இடத்தில் அது நேர்ந்தால், அதனை விந்தை என்று சொல்லிச் சிரிக்க இயலாது.

முதலில் விரித்தலைக் காண்போம். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடிய கணினி மாநாட்டில், டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அறிஞர் 90 நிமிடம் தம் குழுவினரின் படைப்பைச் செய்து காட்டினார். சுண்டெலி எனப்படும் கைக்கருவிக்காகவே அந்நாளைப் பலரும் நினைவுகூர்வர். நமக்கு வேண்டியது வேறு. அவர் கடையில் வாங்கவேண்டிய பொருள்களைத் திரையில் பட்டியலாக எழுதினார்; அவற்றை இனம் இனமாகப் பிரித்தார்; பின்னர்த் தலைப்புகள் மட்டும் தெரியுமாறு மற்றவற்றை மறைத்துக் காட்டினார். எத்தனை படிநிலை தெரியவேண்டும், ஒவ்வொன்றிலும் எத்தனை வரி தெரியவேண்டும் என்பதைச் சில எழுத்துகளால் ஆணையிடலாம். மறைப்பதனால் உரையில் ஒரு சொல்லும் குறைவதில்லை. உரை ஓரிடத்தில் இருந்தது. அதனைக் காணும் முறை வேறோரிடத்தில் இருந்தது. இந்தப் பிரிவினையை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டுகிறேன். பின்னாளில் இடர்ப்பட்டவர் யாவரும் இதனை மறந்தவரே.

அதன்பின் வந்தவற்றை விரைந்து கடக்கலாம். 1983இல் டேவ் வைனர் என்பார் திங்க்டேங்க் என்னும் குறிப்பெழுதும் மென்பொருளை ஆப்பிள் கணினிக்கு ஆக்கினார். 1991இல் ஆப்பிள் நிறுவனம் தன் கோப்புப் பட்டியலில் சிறு முக்கோணத்தை வைத்தது. அது வலப்புறம் நோக்கினால் மூடியது, கீழ்நோக்கினால் திறந்தது. 1995இல் வந்த விண்டோஸ் 95 கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் பரப்பிற்று.

இனி உருட்டுதலோடு பிறந்த சிக்கனத்தின் கதை. ஆயிரம் பெயர் கொண்ட பட்டியலில் திரைக்குள் அடங்குவன பத்துப் பெயர்களே. ஆயிரம் பெயருக்கும் ஆயிரம் கட்டம் படைத்து நினைவகத்தில் அடுக்குவது வீண். 1990இல் பால் கால்டர், மார்க் லின்டன் ஆகிய இருவரும் ஓர் ஆய்வுரையில் இத்தகைய சிக்கனத்திற்கு வழி காட்டினர். 1994இல் எரிக் காமா முதலிய நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்னும் நூல் ஃபிளைவெயிட் எனப்படும் அவ்வழிக்கு இலக்கணம் வகுத்தது. ஓர் ஆவணத்தில் 'அ' என்னும் எழுத்து ஐந்நூறு இடத்தில் வரினும், கணினி ஐந்நூறு அகரம் படைக்க வேண்டுவதில்லை, ஒன்றே போதும். ஆனால், தான் எவ்விடத்தில் நிற்கிறது என்பதை அவ்வெழுத்துத் தன்னுள் வைத்திருத்தல் கூடாது. பயன்படுத்துவோர்தாம் அதனைச் சொல்லவேண்டும். பொருளுக்கு உள்ளார்ந்த தன்மை வேறு, இடத்தால் வந்த தன்மை வேறு என்பது அந்நூலார் கொள்கை. ஒரு சொல் தன்னியல்பில் நிற்பதும், வருமொழியை நோக்கி அதன் ஈறு திரிவதும் வேறு வேறு என்று நாள்தோறும் கற்பிக்கும் நமக்கு இப்பாகுபாடு புதிதன்று.

1998இல் ஜாவா மொழியுடன் வந்த ஜேட்ரீ என்னும் கருவி இதனைச் செவ்வனே பின்பற்றிற்று. பட்டியலின் எல்லா வரிகளையும் ஒரே உருவத்தைக் கொண்டு, ரப்பர் முத்திரை குத்துவதுபோல் வரைந்தது. எது திறந்தது, எது மூடியது என்னும் கணக்கையோ முத்திரையில் வைக்கவில்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய வழித்தடத்தைக் குறித்துத் தனிப் பதிவில் வைத்தது. ஆக, சிக்கல் தோன்றுமுன்னரே தீர்வு தோன்றிவிட்டது. அத்தீர்வு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராததே வியப்பு.

2008ஆம் ஆண்டில் ஐபோனுக்கு நிரல் எழுதும் கருவிகள் பிற நிறுவனத்தார்க்கும் திறந்துவிடப்பட்டன. அவ்வாண்டே ஆண்ட்ராய்டு கைப்பேசியும் கடைக்கு வந்தது. முதல் ஐபோனின் நினைவகம் 128 மெகாபைட்; முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் நினைவகம் 192 மெகாபைட். சிக்கனம் கட்டாயமாயிற்று. இரு நிறுவனத்தாரும் ஒரே வழியைக் கொண்டனர்: திரையின் மேல்விளிம்பில் மறைந்த கட்டத்தையே எடுத்து, கீழ்விளிம்பில் வரும் பெயருக்குக் கொடுத்தனர். பத்துப் பன்னிரண்டு கட்டங்களே ஆயிரம் பெயருக்கும் மாறி மாறி உழைத்தன.

குழப்பம் இங்கேதான் நுழைந்தது. தேர்வு மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் வராத மாணவனுக்குப் பதிவேட்டில் குறியிடாமல், அவன் மேசைமீது சுண்ணக்கட்டியால் 'வரவில்லை' என்று எழுதிவிட்டால் என்னாகும்? பிற்பகல் தேர்வுக்கு வந்து அம்மேசையில் அமரும் பிள்ளை, கண்முன் இருந்தும், வராதவள் ஆவாள். 'விரிந்தது' என்னும் குறியை நிரலர் கட்டத்தில் எழுதினால் அதே கதைதான். கட்டம் அடுத்த பெயருக்குப் போகும்; குறியும் உடன் போகும். விரிந்த பகுதியின் எழுத்தைத் தொடும் பொழுது மட்டும் நிரப்புவது என்று நிரல் எழுதியிருந்தால், பழைய மாணவனின் குறிப்பே புதிய பெயரின்கீழ் நிற்கும்.

ஆண்ட்ராய்டை ஆக்கியோர் இதனை அறியாதவர் அல்லர். முதற் பதிப்பிலேயே எக்ஸ்பாண்டபிள் லிஸ்ட்வியூ என்னும் தனிக்கருவியை வைத்தனர். அதன் உள்ளமைப்பு அழகியது. குழுவின் எண்ணையும் குழுவுக்குள் உறுப்பின் எண்ணையும் 64 பிட் கொண்ட ஒரே எண்ணுக்குள் மூட்டை கட்டும். எல்லாக் குழுவுக்கும் அன்றி, விரிந்த குழுக்களுக்கு மட்டும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளும். பட்டியல் மாறினால், அக்குழு இப்பொழுது எங்கே இருக்கிறது என்று அதன் அடையாள எண்ணைக் கொண்டு தேடும். அத்தேடலுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் செலவிடாது.

2014இல் ரிசைக்ளர்வியூ என்னும் புதிய கருவி வந்தது. விரைவிலும் வளைந்து கொடுப்பதிலும் பழையதை விஞ்சிற்று. ஆனால், விரித்து மடக்கும் ஏற்பாடு அதனுடன் வரவில்லை. அதனை நிரலரே அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஓர் ஏற்பாட்டைக் கைவிடுவோர், அதனுள் அடங்கிய அறிவையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்பது என் கருத்து.

கட்டத்தில் குறியிடுவது தவறு என்று கண்டவருள் பலர், அடுத்தபடியாக வரிசை எண்ணில் குறியிட்டனர். அதுவும் நிலைக்கவில்லை. ஆண்டு 1 முதல் ஆண்டு 6 வரை ஆறு தலைப்புகள் மூடியிருக்கின்றன என்று கொள்வோம். ஆண்டு 3 மூன்றாவது வரியில் நிற்கிறது. ஆண்டு 2ஐத் தொட்டு விரித்தால், அதிலுள்ள ஒன்பது மாணவர் பெயர்கள் இடையில் புகுகின்றன. ஆண்டு 3 பன்னிரண்டாவது வரிக்குப் போய்விடுகிறது. 'மூன்றாவது வரி' என்று எழுதிவைத்த குறி இப்பொழுது ஒரு மாணவன் பெயரைச் சுட்டுகிறது. விரித்தல் என்னும் செயலே வரிசை எண்ணைப் பொய்யாக்குகிறது. ஒன்பது பெயர்கள் எவ்விடத்தில் புகுந்தன என்று கருவிக்கு அறிவித்தால், அது மற்ற கட்டங்களை ஒழுங்காக நகர்த்தித் தரும். நிரலர் தம் கையில் வைத்திருக்கும் பழைய எண்ணை அது திருத்தித் தராது.

இணையப் பக்கங்களிலும் இதே பாடம் நடந்தது. 2013இல் வெளியான ரியாக்ட், பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு 'கீ' கேட்டது. வரிசை எண்ணையே அதற்குக் கொடுத்தால், உறுப்புகள் இடம் மாறும்பொழுது பிழை விளையும் என்று அதன் கையேடு எச்சரித்தது. ஆண்ட்ராய்டில் 2021இல் முதற் பதிப்பாக வந்த ஜெட்பேக் கம்போஸ், ஒன்றும் சொல்லாவிடின் வரிசை எண்ணையே அடையாளமாகக் கொள்ளும். 'கீ' கொடுத்தால் உறுப்போடு நிலையும் நகரும். அங்கும் ஒரு பொறி உண்டு. விரிந்த நிலையைக் கட்டத்தின் தற்காலிக நினைவில் மட்டும் வைத்தால், அது திரையைவிட்டு மறைந்து மீளும்பொழுது மடங்கியே வரும். பட்டியலுக்கு வெளியே, தரவோடு சேர்த்து வைத்தால் அத்தொல்லை இல்லை.

எஞ்சியது ஒரு கேள்வி: எதனை அடையாளமாகக் கொள்வது? பெயரைக் கொள்ளலாம் என்று முதலில் தோன்றும். தோட்டப் பள்ளியின் சிறு வகுப்பிலும் கவிதா என்னும் பெயரில் இருவர் இருப்பதுண்டு; அவ்விடத்தில் ஒருத்தியைத் தொட்டால் இருவரும் விரிவர். பள்ளியில் சேர்ந்த நாளில் கொடுத்த பதிவெண் ஒன்றே அதற்கு ஏற்றது. பிள்ளை வகுப்பு மாறினாலும், பட்டியலை அகரவரிசையில் மாற்றி அடுக்கினாலும், அவ்வெண் மாறுவதில்லை.